முள் படுத்துவிட்டதா? மீட்டரை மாற்றுவதற்கு முன்...

காரில் பிரேக் சத்தம் போட்டால் மறுநாளே பட்டறைக்கு ஓடுகிறோம். ஏர்கோன் குளிரவில்லை என்றால் அன்றைக்கே ஓடுகிறோம். வேகம் காட்டும் முள் படுத்துவிட்டால் மட்டும், "வண்டிதான் ஓடுதே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். பழைய புரோட்டோன் சாகா, இஸ்வாரா, விரா, பெரோடுவா கஞ்சில் என்று இன்னும் நம் வீட்டு வாசல்களில் நிற்கும் கார்களில் இது அடிக்கடி வரும் கோளாறு. அப்பா ஓட்டிய கார், தாத்தா பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகும் கார், படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைக்குக் கொடுத்த முதல் கார் என்று இந்தக் கார்களுக்குக் குடும்பத்தில் ஓர் இடம் உண்டு. அதனால்தான் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

பள்ளி வட்டாரத்தில் 30, நகரத்தில் 60, கூட்டரசு சாலையில் 90, நெடுஞ்சாலையில் 110. பண்டிகைக் காலத்தில் கூட்டரசு சாலையில் 90 என்பது 80 ஆகக் குறையும். இந்த எண்களை எல்லாம் 'ஒரு குத்துமதிப்பாக' ஓட்ட முடியாது. ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் 110-இல் வந்துவிட்டு டோல் தாண்டி ஊருக்குள் நுழையும்போது, 80 கிலோமீட்டர் வேகம்கூட நமக்கு ஊர்வதுபோல்தான் தெரியும். கண்ணும் காதும் வேகத்துக்குப் பழகிப்போய்விடும். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல முள் ஒன்றுதான் இருக்கிறது. சம்மன் வந்த பிறகு, 'மீட்டர் வேலை செய்யவில்லை' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

மீட்டருக்குள் என்ன நடக்கிறது?

கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், வேகம் எந்த வழியாக முள்ளுக்கு வந்து சேர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய கார்களில் இது மிக எளிமையான ஏற்பாடு.

கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். சக்கரங்கள் சுற்றும்போது அதுவும் சுற்றும். அதில் செருகிய ஒரு நீண்ட கேபிள், எஞ்சின் அறையைக் கடந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் நுழைந்து, மீட்டரின் முதுகில் போய் மாட்டிக்கொள்ளும். வெளியே கறுப்பு உறை. உள்ளே முறுக்கிய எஃகுக் கம்பி. அந்தக் கம்பிதான் சுற்றும். ஜப்பானிய கார்களில் பொதுவான கணக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று. அதாவது 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கம்பி நிமிடத்துக்கு 637 முறை சுழல்கிறது.

மீட்டருக்குள் அந்தக் கம்பி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் காந்தம் வேகமாகச் சுழலும்போது கிண்ணத்துக்குள் மின்சுழல்கள் உண்டாகி, காந்தம் போகும் திசையிலேயே கிண்ணத்தையும் இழுக்கும். மெல்லிய முடிபோன்ற ஒரு சுருள்வில் அதை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறி எங்கே சமமாகிறதோ, அங்கே முள் நிற்கும். ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற இந்த முறை, நூறு வருடத்துக்குமேல் கார்களில் ஓடியது.

இரண்டாவது வேலை, மைலேஜ் எண்களைச் சுழற்றுவது. இதில் காந்தமும் இல்லை, வில்லும் இல்லை. பல்சக்கரத்தோடு பல்சக்கரம் கடித்துக்கொண்டு எண் உருளைகள் நேராகச் சுழலும்.

ஆக, கியர்பாக்ஸிலிருந்து மீட்டர் வரை ஒரே பாதை. மீட்டருக்குள் நுழைந்ததும் இரண்டு கிளை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் கேள்வி: கூடவே எது நின்றது?

முள் நின்றதும் மைலேஜ் எண்களைப் பாருங்கள்.

முள்ளும் நின்று, மைலேஜும் நின்றிருந்தால், கோளாறு பெரும்பாலும் அந்த ஒரே பாதையில் இருக்கிறது. கேபிள் அறுந்திருக்கலாம், ஒரு முனையில் கழன்றிருக்கலாம், கியர்பாக்ஸ் பக்கப் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். மீட்டரின் மேல் சந்தேகப்பட வேண்டிய அவசியம் அப்போதைக்கு இல்லை.

மைலேஜ் ஓடுகிறது, முள் மட்டும் படுத்திருக்கிறது என்றால், கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. காந்தம், கிண்ணம், வில், முள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது.

முள் ஒழுங்காகக் காட்டுகிறது, மைலேஜ் மட்டும் நின்றுவிட்டது என்றால், எண் உருளைகளைச் சுற்றும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும். கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ரிப் மீட்டரை அழுத்திப் பூஜ்யமாக்கும் பழக்கம் இந்தப் பற்களுக்கு ஆகாது. நிறுத்திவிட்டு அழுத்துங்கள்.

பெட்ரோல் முள், சூடு காட்டும் முள், விளக்குகள் எல்லாமே சேர்ந்து நின்றிருந்தால் கதை வேறு. ஃபியூஸ் அல்லது மீட்டருக்குப் போகும் மின் இணைப்பைப் பார்க்க வேண்டும். அப்போதும் கேபிள் ஓட்டும் முள் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அதற்கு மின்சாரமே தேவையில்லை.

மாமாவின் இஸ்வாரா

சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர். 1997 இஸ்வாரா வைத்திருக்கிறார். போன வருடம் அதில் முள் படுத்துவிட்டது. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். "பாஸ், பழைய வண்டி, மீட்டர் செட்டையே மாத்தணும். ஹாஃப்கட் கடையில தேடித் தர்றேன்" என்று சொல்லி ஒரு தொகையையும் சொல்லியிருக்கிறார்கள். தொகையைக் கேட்டதும் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு எட்டு மாதம் முள் இல்லாமலேயே ஓட்டினார்.

ஒரு விடுமுறையில் போயிருந்தபோது கேட்டேன். "மாமா, மைலேஜ் ஓடுதா?"

"அதுவும்தான் நின்னுபோச்சு மாப்ளே. ரெண்டும் ஒரே நாள்ல."

"நிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"டேஷ்போர்டுக்குள்ள டிக்... டிக்...னு கொஞ்ச நாளாவே கேட்டுச்சு. உங்க அத்தைதான் பல்லின்னு சொன்னா."

வானொலியில் ஒலியோடு பிழைக்கிற எனக்கு அந்த 'டிக் டிக்' போதுமானதாக இருந்தது. இரண்டும் ஒரே நாளில் நின்றிருக்கிறது; அதற்கு முன் சத்தம் கொடுத்திருக்கிறது. மீட்டரைவிட கேபிள் மேல்தான் சந்தேகம் போக வேண்டும்.

சோதனையும் கடினமில்லை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்தோம். மீட்டரின் முதுகிலிருந்து கேபிளைக் கழற்றி வெளியே இழுத்துக்கொண்டோம். மாமா தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினார். நான் கேபிள் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேபிள் நன்றாக இருந்தால், சக்கரம் சுற்றச் சுற்ற அந்தச் சதுர முனையும் மெதுவாகச் சுழல வேண்டும். அது அசையவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு இதைச் செய்யவே கூடாது. காருக்கு அடியிலும் யாரும் போகத் தேவையில்லை.

அடுத்து, கழற்றிய முனையில் தெரிந்த கம்பியைப் பிடித்து இழுத்தேன். முழுக் கம்பியும் வராமல் பாதியிலேயே கையோடு வந்துவிட்டது. எஞ்சின் அறைச் சுவரைக் கடக்கும் இடத்தில் கேபிள் கூர்மையாக மடங்கிக் கிடந்தது. முன்பு வேறு ஏதோ வேலைக்காகக் கழற்றியவர்கள் திரும்ப வைக்கும்போது அப்படி வைத்திருக்கிறார்கள். மடங்கிய இடத்தில் கம்பி உரசி உரசித் தேய்ந்து, கடைசியில் அறுந்திருக்கிறது. அத்தை சொன்ன பல்லி அதுதான்.

ஈப்போவில் புதுக் கேபிள் வாங்கி, வேறொரு பட்டறையில் மாட்டினோம். கூலியோடு சேர்த்து, மீட்டர் செட்டுக்கு முதலில் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அப்படியே ஹாஃப்கட் மீட்டரை வாங்கி மாட்டியிருந்தால், அறுந்த கேபிளோடு அதுவும் சும்மாதான் கிடந்திருக்கும்.

முள் ஆடினால்...

கேபிள் பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் சாகும். முள் ஒரே வேகத்தில் நிற்காமல் 50-க்கும் 70-க்கும் இடையே நடுங்கினால், உள்ளே கம்பி காய்ந்துபோய் உறைக்குள் சிக்கிச் சிக்கிச் சுற்றுகிறது என்று அர்த்தம். வேகம் கூடக் கூட 'டிக் டிக்' வேகமாவதும், கீச்சென்று சத்தம் வருவதும் அதே குடும்பம்தான். இந்த நிலையில் பார்த்தால், கம்பியை உருவித் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவி, மடங்கலை நிமிர்த்தி மாட்டினாலே சரியாகிவிடும் வாய்ப்பு உண்டு.

கிரீஸ் விஷயத்தில் ஒரு கவனம். கம்பியின் கீழ்ப் பகுதிக்கு மட்டும் தடவ வேண்டும். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் பகுதியை விட்டுவிட வேண்டும். தாராளமாகப் பூசினால், சுழலும் கம்பி கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்விடும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் கிரீஸ் போனால் முள் தாறுமாறாகக் காட்டத் தொடங்கும். கழற்றும்போது கேபிளின் மேல் முனையில் எண்ணெய் வழிந்திருந்தால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் சீல் போய்விட்டது. அங்கிருந்து எண்ணெய் கேபிள் வழியாக ஏறி வருகிறது. சீலை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றினால் அதே தொல்லை திரும்பவும் வரும்.

ஓடுகிறது, ஆனால் தப்பாகக் காட்டுகிறது

"வேஸ்ல 95 காட்டுது, மீட்டர்ல 100 காட்டுது. மீட்டர் கெட்டுப்போச்சா?" என்று பலர் கேட்பதுண்டு. இது கோளாறு இல்லை. ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறை 39, மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டுவதற்கு இடம் கொடுக்கிறது: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதன்மேல் 4 கிலோமீட்டரும். உண்மையில் 100-இல் போகும்போது மீட்டர் 114 வரை காட்டினாலும் அந்த அளவுக்குள்தான் இருக்கிறது. அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டித்தான் வைக்கிறார்கள். பயப்பட வேண்டியது, மீட்டர் குறைத்துக் காட்டும்போதுதான்.

தொலைபேசி இல்லாமலும் சோதிக்கலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. போக்குவரத்து குறைவாக இருக்கும் நேரத்தில், மீட்டரில் 90 வைத்து ஒரே சீராக ஓட்டுங்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த முழுக் கிலோமீட்டர் கல்லுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணட்டும். ஓட்டுநர் எண்ணக் கூடாது. 3,600-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் உண்மையான வேகம் கிடைக்கும். 40 விநாடி என்றால் சரியாக 90. 45 விநாடி என்றால் 80. 36 விநாடி ஆகியிருந்தால் நீங்கள் 100-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மீட்டர் உங்களை ஏமாற்றுகிறது.

அதோடு, 10 கிலோமீட்டர் தூரத்துக்கு மைலேஜ் எண் எவ்வளவு கூடுகிறது என்றும் பாருங்கள். இங்கேயும் அந்த இரண்டு கிளைதான் விடை சொல்லும். தூரம் சரியாக இருந்து வேகம் மட்டும் தப்பாக இருந்தால், கோளாறு முள்ளுக்கான கிளையில், மீட்டருக்குள். தூரம், வேகம் இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பாக இருந்தால், கோளாறு மீட்டருக்கு வெளியே. அதில் முதல் சந்தேகம் டயர்; அடுத்தது, வேறு காரிலிருந்து மாற்றிய கியர்பாக்ஸ்.

டயர் கணக்கைப் பாருங்கள். 175/70 ஆர்13 டயரின் உயரம் ஏறக்குறைய 575 மில்லிமீட்டர். அழகான ரிம் போட ஆசைப்பட்டு 195/50 ஆர்15 போட்டால் 576. வித்தியாசமே இல்லை. ஆனால் 195/60 ஆர்14 போட்டால் 590 ஆகிவிடும். முள் 110 காட்டும்போது கார் கிட்டத்தட்ட 113-இல் போகும். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். கேபிளுக்கு அது தெரியாது. ரிம் மாற்றும்போது அகலத்தை மட்டும் பார்க்காமல், மொத்த உயரத்தையும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேபிள் இல்லாத கார்கள்

பிறகு வந்த கார்களில் கேபிளுக்குப் பதில் ஒரு சென்சார், அதிலிருந்து கம்பி வழியாக மின் துடிப்புகள். பாதை மாறினாலும் தேடும் முறை அதேதான். கியர்பாக்ஸில் இருக்கும் சென்சார், அதன் சொருகி, கம்பி, மீட்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சொருகியில் துரு, எண்ணெய், ஈரம் இருந்தாலே முள் விட்டு விட்டு வேலை செய்யும்.

இங்கே இன்னொரு அடையாளமும் உண்டு. வேகத் தகவலை எஞ்சின் கணினியும், ஆட்டோ கியர்பாக்ஸும் பயன்படுத்தும் கார்களில், முள் படுப்பதோடு கியர் மாறும்போது உதைப்பதும், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிவதும் சேர்ந்து வரலாம். கணினிச் சோதனைக் கருவியில் பி0500 என்ற குறியீடு வந்தால், வேகத் தகவல் சரியாக வரவில்லை என்று பொருள். சென்சார்தான் கெட்டது என்று அது சொல்வதில்லை. கம்பி அறுந்திருந்தாலும் அதே குறியீடுதான் வரும். டேஷ்போர்டைத் தட்டினால் முள் உயிர் பெறுகிறது என்றால், மீட்டர் பலகையில் ஈயப்பற்று விட்டுப்போயிருக்கலாம். ஈயம் வைக்கத் தெரிந்தவர் அதைச் சரிசெய்துவிடுவார்.

நின்றுபோன எண்ணுக்கு என்ன விலை?

மாமாவின் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. கேபிள் மாட்டியதும் முள் எழுந்தது, மைலேஜும் ஓடத் தொடங்கியது. ஆனால் அது எட்டு மாதத்துக்கு முன் நின்ற இடத்திலிருந்து தொடங்கியது.

மாமாவிடம் 555 நோட்டு ஒன்று உண்டு. பெட்ரோல் ஊற்றுவதை எல்லாம் அதில் எழுதி வைப்பார். அதை வைத்துக் கணக்குப் போட்டோம். வாரத்துக்கு 20 லிட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் வாரம் 240. முப்பத்தைந்து வாரத்துக்கு 8,400 கிலோமீட்டர். எஞ்சின் எண்ணெயை 5,000-க்கு ஒருமுறை மாற்றுபவர், மீட்டரில் எண் ஏறாததால் ஒருமுறைகூட மாற்றவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் டைமிங் பெல்ட். மீட்டர் கணக்குப்படி அதை மாற்ற இன்னும் 12,000 கிலோமீட்டர் இருந்தது. உண்மையில் மீதி இருந்தது 3,600 மட்டுமே. ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் கார் நடுரோட்டில் நின்றுவிடும். பல எஞ்சின்களில் வால்வுகளும் வளைந்துவிடும். அந்தச் செலவு இந்த வயதுக் காரின் விலையையே தொட்டுவிடும்.

மாமா அந்த 8,400-ஐ நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்தார். அடுத்த வாரமே எண்ணெயையும் பெல்ட்டையும் மாற்றிவிட்டார்.

பழைய கார் வாங்க நினைப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். கேபிள் அறுந்து ஒரு வருடம் ஓடிய காரில், யாரும் எண்ணைத் திருத்தாமலேயே மைலேஜ் பொய் சொல்லும். எண் குறைவாக இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன், சர்வீஸ் ஸ்டிக்கரில் இருக்கும் தேதியையும் எண்ணையும் ஒப்பிடுங்கள். பெடல் ரப்பர், ஸ்டீயரிங், ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் தேய்மானத்தையும் பாருங்கள்.

பட்டறைக்குப் போவதற்கு முன்

எல்லாரும் ஜாக் தூக்க வேண்டியதில்லை. இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு போனாலே போதும்:

1. முள் மட்டும் நின்றதா, மைலேஜும் சேர்ந்து நின்றதா?

2. ஒரேயடியாக நின்றதா, ஆடி ஆடி நின்றதா? சத்தம் வந்ததா?

3. அதற்குச் சற்று முன் கிளட்ச், கியர்பாக்ஸ், ஏர்கோன், ரேடியோ என்று ஏதாவது வேலை நடந்ததா? டயரோ ரிம்மோ மாற்றினீர்களா?

4. மற்ற முட்களும் எச்சரிக்கை விளக்குகளும் எப்படி இருக்கின்றன?

5. நின்ற தேதி என்ன, நின்ற எண் என்ன?

பிறகு பொமனிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: "அண்ணே, மீட்டரைக் கழற்றிப் புதுசு தேடுறதுக்கு முன்னாடி, கேபிள் முனை சுத்துதான்னு ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க." வேலை தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார், நீங்கள் பார்க்கும்போதே சக்கரத்தைச் சுற்றிக் காட்டுவார். அதுவரை தொலைபேசியில் வேகம் பார்த்து ஓட்டுவதானால், அதைக் கண்ணுக்கு நேராகப் பிடிப்பானில் மாட்டி, கிளம்புவதற்கு முன்பே திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும், நின்ற காலத்தில் ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி, காரின் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள். அடுத்து அந்தக் காரை ஓட்டப்போவது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.